மல்லாங்கிணற்றில் மூச்சுவிடாத பாடகி: ஓர் ஒலியியல் ஆய்வு

ஜப்பானியக் குரல் ஒன்றை மல்லாங்கிணற்று மாட்டு வண்டியைப் பற்றிப் பாடவைத்தால் வண்டிக்கு என்ன ஆகும்? இக்கேள்வியைத் தமிழ் இலக்கண உலகம் இதுவரை எழுப்பவில்லை. எழுப்பாததற்குத் தக்க காரணம் இருந்திருக்கலாம் என்பது ஆய்வின் முடிவில்தான் தெரியவந்தது.

களம்: விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி வட்டம், கரிசல் மண். காலம்: கோடை, இரவு பதினொரு மணிக்கு மேல். அதற்கு முன் ஊரில் ஏதாவது ஒரு கோயில் குழாய் பாடிக்கொண்டே இருக்கும். அதனோடு போட்டி போடும் பாடகி இன்னும் பிறக்கவில்லை. ஆய்வாளர் வீட்டுக்குள் தெலுங்கும் வாசற்படி தாண்டினால் தமிழும் பேசுகிறவர். இந்தப் பக்கத்தில் இதை ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அருப்புக்கோட்டைத் தறிக்கார வீடுகளில் கன்னடம் பேசிக்கொண்டு தமிழில் விலை சொல்வார்கள்.

முன்னோர் ஆய்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒரு ஐபிஎம் கணினி ‘டெய்சி பெல்’ என்ற காதல் பாட்டைப் பாடியது. 2004-இல் யமஹா நிறுவனத்தின் வோக்கலாய்டு என்ற பாடும் மென்பொருள் கடைக்கு வந்தது. 2007-இல் ஹட்சுனே மிக்கு என்னும் நீலப்பச்சைச் சடைக்காரி வந்தாள். சகி ஃபுஜிதா என்ற நடிகையின் குரலைத் துண்டு துண்டாக நறுக்கி உருவாக்கிய பாடகி. 2008-இல் உதாவு என்ற இலவச மென்பொருள் வந்தது. காசு கொடுத்து வாங்காத எதையும் மதிக்கிற குடும்பத்தில் பிறந்தவனாதலால் இதையே தேர்ந்தேன்.

பெயராய்வு தவிர்க்க முடியாதது. ‘உதாவு’ என்றால் ஜப்பானிய மொழியில் ‘பாடு’. தமிழ் ‘உதவு’ என்பதிலிருந்து இது கப்பலேறிப் போயிருக்க வேண்டும் என்று முதல் நாளே முடிவுக்கு வந்தேன். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று வாதாடிய சுசுமு ஓனோ காலமானதும் அதே 2008. அவர் வாதத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. என் வாதத்தை என் தம்பியே ஏற்கவில்லை.

வேலை எளிது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஓர் அசை. ஆனால் ஜப்பானிய அசை வரிசையில் ‘தி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘சி’ உட்கார்ந்திருக்கிறது, ‘து’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ட்சு’. லகரம், ளகரம், ழகரம், றகரம் எல்லாவற்றுக்கும் ஒரே ரகரம். முதல் பாட்டில் ‘மாட்டு வண்டி’ என்று கொடுத்தேன். உதாவுக்குள் இருந்த ஜப்பானியக் குரல்காரி ‘மாட்சு வஞ்சி’ என்று பாடினாள். ஆக, ஒரு மாட்டு வண்டி மாட்சிமை பொருந்திய சேரர் தலைநகராகிவிட்டது. ரமணர் 1879-இல் பிறந்த திருச்சுழி ‘சிருச்சுரி’ ஆனது. மல்லாங்கிணறு மட்டும் ‘மர்ராங்கினரு’ என்று அதிகச் சேதாரமில்லாமல் தப்பித்தது.

ககரத்தில்தான் உண்மையான சிக்கல். நாம் ‘பகல்’ என்று எழுதினாலும் தொண்டையில் வருவது ககரம் அல்ல, ஹகரத்துக்குப் பக்கத்து வீடு. அவள் எழுதியதை எழுதியபடியே அழுத்திச் சொல்ல, நம் காதில் ‘பக்கல்’ என்று விழுகிறது. குற்றம் அவளுடையது அல்ல. தமிழ் எழுத்து ஏற்கெனவே தமிழ் தெரிந்தவர்களுக்காக எழுதப்படுவது. புதிதாக வந்தவருக்கு அது ஒன்றும் சொல்லிக்கொடுக்காது.

மனம் தளர்ந்து வீட்டு மொழிக்குத் திரும்பினேன். தெலுங்குச் சொற்கள் ஜப்பானிய அசைகளைப் போலவே பெரும்பாலும் உயிரில் முடிபவை. பொருத்தம் பத்தில் எட்டு. ஆனால் ‘பாலு’ என்று கொடுத்தால் ‘பாரு’ என்கிறாள். பாலைக் கேட்டவனுக்கு வேடிக்கை காட்டுகிறாள். தண்ணீருக்கான தெலுங்குச் சொல் ‘நீள்ளு’. அதைக் கொடுத்ததும் ‘நீரு’ என்றாள். அதாவது மொழிபெயர்த்துவிட்டாள். இருமொழிப் புலமையில் ஆய்வாளரை அவள் முந்தியது இந்த இடத்தில்தான்.

அடுத்த வழி, சொந்தக் குரலிலேயே எழுத்துகளைப் பதிவு செய்வது. 247 எழுத்து, 247 கோப்பு. ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பஞ்சணைச் சுவர் வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் விலை ஏறட்டும் என்று காத்திருந்த பருத்தி அம்பாரம் இருந்தது. அதற்குள் கைபேசியோடு குந்தினேன். எதிரொலி சுத்தமாக நின்றது, தும்மல் நிற்கவில்லை. ‘ஙௌ’ என்ற எழுத்தை எந்தத் தமிழனும் எந்தத் தேவைக்கும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. இருந்தாலும் முறைப்படி மூன்று தடவை பதிவு செய்தேன். ஜன்னலில் இருந்த பூனை மட்டும் பதில் சொன்னது.

மாத்திரையை அளக்கத் தொல்காப்பியர் சொன்ன கருவிகள் கண்ணிமையும் கைநொடியும். கணினி முன்னால் இமைத்து இமைத்துப் பார்த்தேன். அம்மா சொட்டு மருந்து கொண்டுவந்தார். நொடித்தேன், நாய் வந்தது. ‘மாடு’ என்பதன் ஈற்று உகரத்துக்கு அரை மாத்திரைதான் என்று இலக்கணம் தெளிவாகச் சொல்லியும் இயந்திரம் ‘மாடூ’ என்றே இழுத்தது. கட்டத்தைப் பாதியாக வெட்டிய பிறகே மாடு மாடானது. ழகரத்தில் வேறு விபத்து. நாக்கை மடக்கி நான் உச்சரித்த ‘வாழைப்பழம்’ சரியாகவே ஒலித்தது. கேட்ட மாமா, “என்ன மாப்ள, சேதி வாசிக்கிற?” என்றார். ஊரில் அது ‘வாளப்பளம்’. ழகரக் கோப்புகளை எடுத்துவிட்டு ளகரத்தை வைத்தேன். தமிழாசிரியர்கள் மன்னிக்க.

2024-இல் ‘லால் சலாம்’ படத்தில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரகுமான் குடும்பத்தாரின் சம்மதத்தோடு செயற்கை நுண்ணறிவால் வரவழைத்தாரே, அதுதானே இது என்று தம்பி கேட்டான். அது மறைந்தவர் குரலைத் திரும்ப அழைப்பது. இது இல்லாத ஒருத்தியை எழுத்தெழுத்தாகப் பிறப்பிப்பது. கோழி முட்டையிடுவதற்கும் முட்டையைக் கொத்தனார் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

எல்லாம் கூடிவந்த இரவு பாட்டை அவ்வாவுக்கு, அதாவது பாட்டிக்கு, போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். தெலுங்கில் சொன்னதை ஆய்வின் பொருட்டுத் தமிழில் தருகிறேன்: “யாரு பெத்த புள்ளடா இது? மூச்சே விடாமப் பாடுதே, செத்துரப்போகுது.”

பிறப்பியலில் தொல்காப்பியர் தொடங்குவதே உந்தியிலிருந்து எழும் காற்றில்தான். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு நேரே நாக்குக்கும் பல்லுக்கும் போய்விட்டிருந்தேன். மறுநாள் அம்பாரத்துக்குள் மூச்சைப் பதிவு செய்யப் போனேன். எட்டு முயற்சியிலும் தும்மல். வெளியே வந்தபோது அவ்வா குழாயடியிலிருந்து வந்து குடத்தை இறக்கி, திண்ணையில் சாய்ந்து, “ஸ்ஸ்” என்று ஒரு மூச்சு விட்டார். கைபேசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது 248-ஆம் கோப்பு. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அதை வைத்து, அன்றிரவே மறுபடி போட்டுக் காட்டினேன்.

அவ்வா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பாவம், இந்தப் புள்ள எத்தன கொடம் தண்ணி தூக்குச்சோ” என்றார்.