வண்டி மாறலாம், மெக்கானிக் மாறக் கூடாது

கே: இதுவரை நீங்கள் வைத்திருந்த வண்டிகளை வரிசையாகச் சொல்லுங்களேன்?
– வாசகர், அழகாபுரம், சேலம்

ப: டிவிஎஸ் 50, யெஸ்டி, புல்லட், பிரீமியர் பத்மினி, மாருதி 800, மகிந்திரா ஜீப். இப்போது வாசலில் நிற்பது டிவிஎஸ் எக்ஸ்எல் 100 ஒன்று, சின்னக் கார் ஒன்று. சைக்கிளை விட்டுவிட்டேனே என்று கோபிக்காதீர்கள், அதற்குத் தனி இதழே வேண்டும். ஒவ்வொரு வண்டியும் ஒரு வேலைக்காக வந்தது. பால் ஊற்ற ஒன்று, ஜவ்வரிசி ஆலைகளுக்கு அலைய ஒன்று, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒன்று, கொல்லிமலை ஏற ஒன்று. வேலை மாறியபோது வண்டி மாறியது. ஆசைக்காக வாங்கியது ஒன்றே ஒன்றுதான். எது என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

கே: எங்க அப்பாரு இன்னும் பழைய டிவிஎஸ் 50-ஐ வைத்திருக்கிறார். காலேஜ் பசங்க பார்த்துச் சிரிக்கிறாங்க. என்ன சொல்லட்டும்?
– வாசகி, ராசிபுரம்

ப: ஒருநாள் அவர்களை அதில் மாட்டுத்தீவனம் ஏற்றி வரச் சொல்லுங்கள். சிரிப்பு நின்றுவிடும்.

1980-இல் ஓசூர் ஆலையிலிருந்து அந்த வண்டி வந்தபோது, இரண்டு பேர் போகக்கூடிய மொபெட் என்பதே நம் நாட்டுக்குப் புதுசு. சைக்கிள் போலவே பெடல் இருக்கும். ஸ்டாண்டு போட்டு மிதித்தால் ஸ்டார்ட் ஆகும், பெட்ரோல் தீர்ந்துபோனால் மிதித்தே வீடு வந்து சேரலாம். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் சைலன்சர் அடைத்துக்கொள்ளும். சைலன்சரைக் கழற்றி நெருப்பில் காட்டிக் கரி தட்டுவது எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அன்றாட வேலை.

ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துப் பால்காரர் ஒருவரின் வண்டியைக் காலை ஐந்து மணிக்குப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் கொக்கியில் பால் கேன், முன்னால் கால் வைக்கும் இடத்தில் தவிட்டு மூட்டை, ஹேண்டில்பாரில் தூக்குப்போசி. திரும்பி வரும்போது அதே வண்டியில் மனைவியும் பிள்ளைகளும். ஓசூரில் வரைந்தது இரண்டு பேருக்கு, எங்கள் ஊர்க்காரர்கள் ஏற்றியது ஒரு குடும்பத்தை. மானாவாரிக் காட்டில் குச்சிக்கிழங்கு போட்டுப் பிழைத்த எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக நுழைந்த எந்திரம் அதுதான். உங்கள் அப்பாருவின் வண்டியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கே: யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒன்றேயாமே, உண்மையா?
– வாசகர், எடப்பாடி

ப: உண்மை. இடது பக்கம் இருக்கும் கியர் லீவரை உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் கிக்கர். உதைத்து ஸ்டார்ட் ஆனதும் பழைய இடத்துக்கு இறக்கினால் மறுபடியும் கியர். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-இலிருந்து 1996 வரை செய்த வண்டிகள். இரண்டு சைலன்சர், எதிர்க்காற்றிலும் ஊருக்கு முன்கூட்டியே சேதி சொல்லும் சத்தம். நான் ஜவ்வரிசி ஆலைகளுக்கு அலைந்தது அதில்தான். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் அடுப்பில் தோசைக்கல் ஏறிவிடும்.

கே: பட்டனை அழுத்தி ஸ்டார்ட் பண்ணுகிறவன் எல்லாம் புல்லட் ஓட்டுகிறவனா? நேர்மையாகச் சொல்லுங்கள்.
– வாசகர், திருச்செங்கோடு

ப: ஓட்டுகிறவன்தான். கரண்டு அடுப்பில் வெந்தாலும் சோறு சோறுதானே? ஆனால் உதைத்து ஸ்டார்ட் பண்ணியவனுக்கு இன்ஜின் உள்ளே என்ன நடக்கிறது என்று காலுக்கே தெரியும். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பழைய புல்லட்டின் முகப்பில் சின்னதாக ஓர் ஆம்பியர் மீட்டர் இருக்கும். சாவியைப் போட்டதும் முள் ஒரு பக்கம் சாயும். ஹேண்டில்பாரில் இருக்கும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல, மிக மெல்ல அழுத்த வேண்டும். ஓரிடத்தில் முள் சட்டென்று நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் முழு எடையோடு ஒரே உதை. ‘டப்... டப்... டப்’ என்று பிடித்துக்கொள்ளும். முள் நடுவுக்கு வருமுன்பே அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் கட்டோடு நொண்டி வந்த மாப்பிள்ளைகளை இந்த ஜில்லாவில் நிறையப் பார்த்திருக்கிறேன். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவனிடம் யாரும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள்.

1955-இல் புல்லட்டைத் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கினார்கள். அது பிறந்த இங்கிலாந்தில் கம்பெனியே மூடப்பட்ட பிறகும் நம் சென்னையில் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. டீசல் புல்லட் என்று ஒன்று இருந்தது, தெரியுமா? வேகம் போகாது, உடம்பெல்லாம் அதிரும். ஆனால் ஒரு லிட்டர் டீசலில் போகும் தூரத்தைக் கண்டு விவசாயிகள் தேடிப்பிடித்து வாங்கினார்கள். பரமத்தி வேலூர் பக்கம் வெற்றிலைக் கட்டோடு அது போவதை வாய்க்கால் மேட்டில் நின்று பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

ஆமாம், நான் ஆசைக்காக வாங்கியது புல்லட்தான்.

கே: அம்பாசிடரா, பியட்டா?
– வாசகர், மேட்டூர்

ப: கல்யாணத்துக்கு அம்பாசிடர், குடும்பத்துக்கு பியட். அம்பாசிடரில் எத்தனை பேர் ஏறலாம் என்ற கேள்விக்கு, ‘எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?’ என்பதே டிரைவர்கள் சொல்லும் பதில். பியட், அதாவது பின்னாளைய பத்மினி, ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் வைத்த அடக்கமான வண்டி. 1958 வாக்கில் வந்த அம்பாசிடர் 2014-இல் நின்றது. இரண்டுக்கும் பெரிய பலம் ஒன்றே: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பானட்டைத் திறப்பார்.

கே: அந்தக் காலத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்களாமே? நம்ப முடியவில்லை.
– கல்லூரி மாணவி, ஆத்தூர்

ப: நம்பித்தான் ஆக வேண்டும். எந்தக் கம்பெனி எத்தனை வண்டி செய்யலாம் என்று அரசாங்கம் லைசென்ஸ் போட்டுக் கணக்கு வைத்த காலம். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பத்தாண்டு காத்தவர்கள் உண்டு. பையன் பிறந்தபோது புக் செய்து, அவனைப் பள்ளிக்கூடத்தில் விட வந்து சேர்ந்த வண்டிகள் உண்டு. புக்கிங் ரசீதைக் கைமாற்றியே காசு பார்த்தவர்களும் உண்டு.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஜப்பான் கூட்டுறவில் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 எல்லாம் வரிசையாக இறங்கின. அதற்குப் பிறகுதான் நம் ஊரில் ‘எந்த வண்டி வாங்கலாம்?’ என்ற கேள்வி பிறந்தது. அதற்கு முன்பு இருந்தது ‘எந்த வண்டி கிடைக்கும்?’ ஒன்றுதான்.

கே: உங்கள் வீட்டம்மா ஓட்டும் வண்டி?
– வாசகி, அம்மாப்பேட்டை

ப: ஸ்கூட்டி. என் வண்டிகளைப் பற்றி இத்தனை பேர் கேட்கிறீர்கள், அந்த வண்டியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். டீச்சர் வேலைக்கும், பேங்க் வேலைக்கும், பிள்ளைகளின் டியூஷனுக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் பெண்கள் போய்வரத் தொடங்கியது அதில்தான். சேலம் ஐந்து ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள்.

கே: எங்கள் ஊரில் பெரிய கார் வைத்திருப்பவரைவிட ஒரு லாரி வைத்திருப்பவருக்கு மரியாதை அதிகம். ஏன்?
– வாசகர், நாமக்கல்

ப: கார் ஒரு குடும்பத்தைச் சுமக்கும், லாரி பல குடும்பங்களுக்குச் சோறு போடும்.

மழையை நம்பி ஏமாந்த பூமி இது. நிலம் கைவிட்டபோது நம்மவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். நாமக்கல்லில் ‘வண்டி’ என்றால் லாரிதான். க்ளீனராக ஏறியவர் டிரைவராகி, பங்காளியோடு கூட்டுச் சேர்ந்து பழைய லாரி வாங்கி, கடன் அடைந்ததும் புதுச் சேஸ் எடுத்து முதலாளியான கதையை இங்கே தெருவுக்கு ஒருவரிடம் கேட்கலாம். அவர்கள் வைத்திருந்த வண்டிகளின் வரிசைக்கு முன்னால் என்னுடைய வரிசை எம்மாத்திரம்?

ஆலையிலிருந்து புதுச் சேஸ் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கேபின் இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. இன்ஜினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் மட்டும். முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கட்டிவைத்த சீட்டில் உட்கார்ந்து, காற்றையும் வெயிலையும் நெஞ்சில் வாங்கியபடி டிரைவர் ஓட்டி வருவார். நாமக்கல் பட்டறையில் தச்சர், வெல்டர், டிங்கர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன், குஷன் தைப்பவர் என்று ஒவ்வொருவராகக் கை வைப்பார்கள். கடைசியில் பெயிண்டர் ஏறி, நெற்றியில் குலதெய்வத்தின் பெயரை எழுதுவார். பிறகு ஆஞ்சநேயர் கோயிலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் புறப்பட்டால் அசாம் வரை போகும். வடக்கே உள்ளவர்களும் இங்கே வந்து பாடி கட்டிப் போவது சும்மா இல்லை.

தென்னிந்தியாவின் சமையல் எரிவாயு டேங்கர்களில் பெரும்பகுதி நம்மவர்களுடையது. அவர்கள் ஸ்டிரைக் என்றால் மாநிலங்கள் கவலைப்படும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தானிலும் சத்தீஸ்கரிலும் தண்ணீருக்குத் துளை போடுகின்றன. டிஎன் 28-உம் டிஎன் 34-உம் இந்தியா முழுக்கத் தெரிந்த வண்டிப் பதிவு எண்கள். மரியாதை கொடுக்காமல் இருப்போமா?

கே: வண்டி வாங்கினால் ஓட்ட வேண்டும். கழற்றிப் பார்க்கிறேன் என்று என் மகன் பைக்கை வீடெல்லாம் பரப்பி வைத்திருக்கிறான். என்ன செய்ய?
– வாசகர், ஓமலூர்

ப: ஒரு நட்டும் தொலையாமல் இருக்கப் பழைய எவர்சில்வர் தட்டு ஒன்று கொடுங்கள்.

கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஒரு பையன், வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். பெட்ரோலில் தானாக ஓடும் இரண்டு சக்கரத்தை அவன் அதற்கு முன் கண்டதில்லை. அந்த ஆசை விடவில்லை. கோயம்புத்தூர் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினான். வாங்கியதும் செய்த காரியம், உங்கள் மகன் செய்வதுதான். பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பார்த்து, மறுபடி பூட்டினான். அவர்தான் ஜி.டி. நாயுடு. 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டத் தொடங்கியவர், யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியைக் கட்டியெழுப்பினார். மின்மோட்டாரிலிருந்து சவர பிளேடு வரை அவர் கை வைக்காத பொருள் இல்லை. ஒருவருடைய வண்டிச் சரித்திரம் ஒரு மோட்டார் சைக்கிளில் தொடங்கி ஒரு மாவட்டத்தின் தொழிலையே மாற்றியது என்றால் அது அவருடையதுதான். அவிநாசி சாலையில் அவர் பெயரால் உள்ள கார் அருங்காட்சியகத்துக்கு மகனைக் கூட்டிப் போங்கள். சேலத்திலிருந்து காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

பள்ளிக்கூடம் சொல்லித்தராததைக் கழற்றிப் பார்ப்பது சொல்லித்தரும். நம் ஜில்லாவின் பட்டறைகளில் அப்படிக் கற்றுக்கொண்டவர்கள்தான் முப்பது வருடமாக என் வண்டிகளை ஓடவைத்தவர்கள். அவர்களை நம்பித்தான் நான் ஒவ்வொரு வண்டியையும் வாங்கினேன். ‘இதுக்கு நம்ம ஊர்ல சாமான் கிடைக்குமாண்ணா?’ என்று கேட்டு, மெக்கானிக் தலையாட்டிய பிறகே அட்வான்ஸ் கொடுப்பேன். கம்பெனி விளம்பரத்தைவிட அந்தத் தலையாட்டல் எனக்குப் பெரிது.

கே: கொல்லிமலைக்கு எந்த வண்டி நல்லது?
– வாசகர், தாரமங்கலம்

ப: பிரேக் நல்லதாக இருக்கும் எந்த வண்டியும். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டின் 20 வளைவுகளில் பழகியவர்களுக்கே அங்கே தோள் வலிக்கும். வளைவில் ஹாரன் அடியுங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். தொப்பூர் கணவாயிலும் இதே பேச்சுதான்.

கே: விற்ற வண்டியைச் சாலையில் பார்த்தால் மனசு என்ன செய்யும்?
– வாசகர், சங்ககிரி

ப: என் பத்மினியை மல்லசமுத்திரம் சந்தையில் பார்த்தேன். பின்சீட்டில் நாலு ஆட்டுக்குட்டிகள். சந்தோஷமாக இருந்தது, வேலையில் இருக்கிறதே என்று.

ஆனால் உங்கள் கேள்வியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. விற்ற வண்டி உங்கள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறதா? நம் பக்கம் வண்டி கைமாறுவது பெரும்பாலும் டீக்கடையில், நம்பிக்கையின் பேரில். ஆர்.சி. புக்கில் பெயர் மாறாது. அந்த வண்டி எங்காவது மோதினால் நஷ்டஈட்டுக்கு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30. விற்றுவிட்டு இன்னும் பெயர் மாற்றாத வண்டி இருந்தால், வாங்கியவரைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போய்க் கையெழுத்துப் போடுங்கள்.