பதநீர் மதிப்பியல்: வல்லம் சாலையோரத்தில் ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

இவ்வாய்வுக்கு வித்திட்டது ஒரு புட்டி. சரியாகச் சொன்னால், போனில் காட்டப்பட்ட ஒரு புட்டியின் படம். பங்குனி உத்திரத்துக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் மச்சினன், அர்ஜென்டினா நாட்டு மால்பெக் என்னும் சிவப்பு ஒயினைப் பற்றி, சாம்பாரில் தொடங்கி மோர்ச் சாதம் முடியும்வரை விரித்துரைத்தான். "மாமா, குடுத்த காசுக்கு மோசம் போகாதது தென் அமெரிக்கச் சரக்குதான். பிரான்சுன்னு பேரைப் போட்டா அந்தப் பேருக்கே தனியா துட்டு அழணும்" என்பது அவன் துணிபு.

எதை வைத்துச் சொல்கிறாய் என்றேன். நிறம், மணம், உடல், நீளம் என்றான். 'உடல்' என்பது வாயில் தெரியும் கனம். 'நீளம்' என்பது விழுங்கியபின் சுவை தங்கும் நேரம். இந்நான்குக்கும் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டாம். கடல் கடந்த பானத்துக்கு இவ்வளவு இலக்கணம் இருக்க, செஞ்சிச் சீமையின் பதநீருக்கு ஒரு சூத்திரம்கூட இல்லையே என்ற கவலையில் அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் விடியும் முன்பே களப்பணி தொடங்கியது.

2. ஆய்வுக்களம்

தமிழ்நாட்டில் வல்லங்கள் பல. தஞ்சாவூர் அருகே ஒன்று. செங்கல்பட்டு அருகே பல்லவர் குடைவரைகளோடு ஒன்று. தென்காசி அருகே ஒன்று. ஒரகடம் பக்கம் தொழிற்பேட்டையோடு ஒன்று. ஆராய்ச்சியாளர் பஸ் மாறி ஏறிவிடாதிருக்கச் சொல்லி வைக்கிறேன்: நம்முடையது விழுப்புரம் மாவட்டத்து, செஞ்சி வட்டத்து வல்லம்.

செஞ்சிக் கோட்டையை 1677-இல் சிவாஜி பிடித்தார். 1698-இல் முகலாயர் பிடித்தனர். தேசிங்கு ராஜன் 1714-இல் போரில் மாண்டான். 1750-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1761-இல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தனர். 2025-இல் யுனெஸ்கோவும் பிடித்து, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இத்தனை பேர் பிடித்ததற்கும் ஆண்டுக் கணக்கு இருக்கிறது. கோட்டையைச் சுற்றி நிற்கும் பனையைப் பிடித்துத் தினம் இரண்டு வேளை ஏறியவர் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை. ஒயினுக்கே உயிர் விடும் பிரெஞ்சுக்காரர் பதினோரு ஆண்டு இருந்துவிட்டுப் போன மண்ணில் இன்றும் நின்றுகொண்டிருப்பது பனைதான் என்பதை மச்சினனின் கவனத்துக்குக் கொண்டு வந்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

3. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையில் இறக்குமதிச் சரக்கா உள்ளூர்ச் சரக்கா என்ற வழக்கு ஈராயிரம் ஆண்டுப் பழையது. புறநானூற்று 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கப்பலில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியனுக்குப் பொற்கலத்தில் ஊற்றித் தரச் செய்கிறார். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது அந்த யவன மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆக, நம் நாட்டின் முதல் ஒயின் விமர்சகர் நக்கீரரே. பானத்தைவிடப் பாத்திரத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கமும் அவரிடமிருந்தே வந்தது.

235-ஆம் பாட்டில் ஔவையார் வேறு கட்சி. கள் கொஞ்சமாக இருந்தால் அதியமான் எங்களுக்கே தந்துவிடுவான், நிறைய இருந்தால் சேர்ந்து குடித்து மகிழ்வான் என்று அவன் இறந்தபின் அழுகிறார். பானத்தின் மதிப்பு அதன் அளவிலும் விலையிலும் இல்லை, ஊற்றுகிற கையில் இருக்கிறது என்பது இங்கே பெறப்படும் கோட்பாடு. ஆனால் இதை நூற்றுக்கு எத்தனை என்று போட முடியாததால் இவ்வாய்வு இதைக் கைவிடுகிறது.

மேலைநாட்டு ஆய்வுகளும் நோக்கத்தக்கன. பிரான்சில் பிறந்த மால்பெக் கொடி 1853-இல் மிஷேல் புஷே என்பவர் வழியாக அர்ஜென்டினா போனது. பிறந்த வீட்டில் சீந்துவாரில்லாமல் கிடந்தது, புகுந்த வீட்டில் கொடிகட்டிப் பறக்கிறது. சிலி நாட்டிலோ, மெர்லோ என்று நம்பி நூறாண்டுக்கும் மேலாக வளர்த்துக் குடித்ததில் பெரும்பங்கு கார்மெனேர் என்னும் வேறு கொடி என்று 1994-இல்தான் தெரிந்தது. 2001-இல் பிரெடெரிக் புரோஷே என்பவர் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து, போர்தோவில் ஒயினையே பாடமாகப் படிக்கும் 54 மாணவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட அவமானம் பதநீர் ஆய்வில் நேர வாய்ப்பில்லை என்று என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

பனைக்கு 801 பயன் என்று தாலவிலாசம் பட்டியல் போடுகிறது. ஆய்வுக் கட்டுரை எழுதுவது 802-ஆவது.

4. சுண்ணாம்பு இயல்

பாளையைச் சீவிவிட்டு அதன் நுனியில் கலயத்தைக் கட்டினால் இரவெல்லாம் சாறு சொட்டும். நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உள்ள அச்சாற்றைக் காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் சும்மா விடாது. வெயில் ஏறுமுன் கள்ளாக்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்டின் வேலை உடனே ஓடாது. அதுவே பதநீர்.

இந்தச் சுண்ணாம்புப் பூச்சு வேதியியலுக்கு மட்டும் சொந்தமன்று, சட்டத்துக்கும் சொந்தம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. ஒரே பனை, ஒரே பாளை, ஒரே இரவு. விரலில் எடுத்த சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்தால் உடல்நலப் பானம் கிரிமினல் வழக்காகிவிடும். கிழக்கே பஸ் ஏறினால் பாண்டிச்சேரியில் அதே கள் உரிமம் பெற்ற கடையில் கிடைக்கும். ஒயின்காரர்கள் மண்வாகு, மலையுயரம், மழையளவு என்று நிலத்தின் குணத்தைப் பேசுகிறார்கள். நம் பானத்தின் குணத்தைத் தீர்மானிப்பது செக்போஸ்ட்.

சுண்ணாம்பு மிகுந்தால் நாக்கு நுனி சுரசுரவென்று உறையும். டம்ளரின் அடியில் வெள்ளையாய்ப் படியும். அளவாக இருந்தால் முதலில் இனிப்பு, நடுவில் பாளையின் பச்சை வாசம், கடைசியில் தொண்டையில் ஒரு சின்னக் காரம். சர்க்கரைத் தண்ணீரில் சாக்கரின் கலந்து விற்பதும் உண்டு. அதில் 'நீளம்' அபாரமாக இருக்கும். மதியச் சாப்பாடுவரை நாக்கை விட்டுப் போகாது. போகும்போது கசந்துவிட்டுப் போகும். நீளத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவோர் ஏமாறும் இடம் இது.

5. ஆய்வு முறை

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், புளியமரத்தடியில் கேன் வைத்து விற்கும் ஆயா ஒருவரை நானும் மச்சினனும் அணுகினோம். "மூணு வேற வேற மரத்துப் பதநி வேணும் ஆயா. ஒண்ணு வரப்புல நிக்கற மரம், ஒண்ணு ஏரிக்கரை மரம், ஒண்ணு பாறை ஓரத்து மரம்" என்றேன். ஆயா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி" என்றார். மூன்று ஓலைப்பட்டைகள் நிறைந்தன. அ, ஆ, இ என்று பேனாவால் குறித்துத் திண்ணைபோல் இருந்த கல்மேல் வரிசையாக வைத்தேன்.

மணி ஏழு ஐந்துக்கு 'அ' குடிக்கப்பட்டது. ஒயின் முறைப்படி சுழற்ற முயன்றதில் ஓலைப்பட்டை ஒத்துழைக்காமல் பாதி சட்டையில் ஊற்றியது. துப்பவேண்டும் என்பதும் முறையாம். ஆயா பார்த்துக்கொண்டிருந்ததால் அவ்விதி தளர்த்தப்பட்டது. குறிப்பெழுதி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. எட்டு ஐம்பதுக்கு 'ஆ'. அதற்கும் விரிவாகக் குறிப்பு. பதினொன்றேகாலுக்கு 'இ'.

6. முடிவுகள்

'அ', வரப்புப் பனை: நூற்றுக்கு 93. வண்டல் மண்ணின் செழுமை, பெண்பனைக்குரிய குழைவு, குறைவற்ற உடல்.

'ஆ', ஏரிக்கரைப் பனை: 76. நீர்வளம் மிகுந்ததால் இனிப்பு தளர்ந்திருக்கிறது. ஓரத்தில் லேசான துள்ளல், ஏரிக்காற்றின் தாக்கமாகலாம்.

'இ', பாறையோரப் பனை: 38. செஞ்சிக் கருங்கல்லின் கடுமை நேரடியாக நாக்கில் ஏறுகிறது. மோர் போன்ற புளிப்பு, நுரை. இம்மரத்தை ஆண்பனை என்று துணியலாம். இதற்கு மட்டும் ஆயா காசு வேண்டாம் என்றார். என் பேரம் பேசும் திறனுக்கு இது சான்று.

7. விவாதம்

குறிப்புகளை ஆயாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். வரப்பு, ஏரி, பாறை மூன்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் ஒரே கேனுதான் தம்பி. நாலஞ்சு மரத்துது ஒண்ணா ஊத்திக் கொணாந்தது. மூணு மரம்னு கேட்ட, காலங்காத்தால எதுக்கு வம்புன்னு சரின்னேன்."

"அப்ப ருசி எப்படி ஆயா மாறும்?"

"ஏழு மணிக்கு ஊத்திக் குடுத்தத பதினோரு மணி வரைக்கும் வெயில்ல வச்சிகினு எழுதிகினு இருந்தா, புளிக்காம என்னா பண்ணும்?"

மச்சினன் போனைப் பையில் வைத்துவிட்டுச் சிரித்தான். புரோஷே பற்றி நான் அடிக்கோடிட்ட பக்கத்தை மெதுவாக மடித்துக்கொண்டேன்.

பிறகு ஆயா விலைக் கணக்கைச் சொன்னார். கட்டுரையில் உள்ள பொருளாதாரம் முழுவதும் அவருடையதே. காலையில் அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கமாட்டார். விற்காவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய்ச்சிப் பனைவெல்லம் ஆக்கிவிடலாம். எட்டு, ஒன்பது லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். ஆகவே காலைப் பதநீருக்குப் பின்னால் வெல்லம் காவல் நிற்கிறது. புளிப்பு தட்டிவிட்டால் பாகு இறுகாது, வெல்லம் ஆகாது. கள்ளென்று விற்கச் சட்டம் விடாது. காசு வேண்டாம் என்று அவர் சொன்னது என் பேரத்துக்குத் தோற்று அல்ல. அதற்கு விலையே இல்லாமல் போனதால்.

8. முடிவுரை

ஒயினுக்கு வயது ஆண்டுக் கணக்கு. கூடக்கூட விலை ஏறும் புட்டிகளும் உண்டு. அதனால் அதைச் சுற்றி உட்கார்ந்து பேசவும் எழுதவும் மதிப்பெண் போடவும் உலகத்துக்கு நேரம் இருக்கிறது. பதநீருக்கு வயது மணிக் கணக்கு. மதிப்பிடும் நேரத்திலேயே மதிப்பு இறங்கும் பொருள் அது. 'அ'-வுக்கு 93 கிடைத்த காரணம் வரப்பும் அன்று, வண்டலும் அன்று. அப்போது நான் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

அடுத்த ஆய்வாளருக்குப் பரிந்துரைகள்: ஏழு மணிக்குள் போகவும். குறிப்பேடு கொண்டுபோக வேண்டாம். மச்சினன் இருந்தால் அழைத்துப்போகலாம். மறுநாள் அவனே என்னை ஆறரைக்கு எழுப்பி, "மாமா, லேட்டானா 'இ' ஆயிடும்" என்றான்.