லேசருக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு

வாடா பேராண்டி, உக்காரு. காயலான் கடையில பழைய டிவிடி ரைட்டரை எடைக்கு வாங்கி, குடலை உருவி, உள்ள இருந்த சிவப்பு டயோடை வச்சுக் கையில பிடிக்கிற லேசர் செய்யப் போறியாமே. நாகல் நகர் பூராவும் அதான் பேச்சு. தள்ளி நிறுத்தி வச்ச தீக்குச்சியப் பத்த வப்பியாம், பலூனை வெடிக்க வப்பியாம். நல்ல காரியம். ரெண்டு ரூவா வத்திப்பெட்டி செய்யிற வேலைக்கு இம்புட்டுச் செலவழிச்ச மொத ஆளு நம்ம வம்சத்துல நீதான்.

உங்காத்தா பயப்படுறா. நான் பயப்படல. நீ செய்யிற லட்சணத்துக்கு அது எரிஞ்சாத்தானே? டயோடை நேரா பேட்டரியில சொருகப் பாத்தியாம்ல. அதுக்குக் கரன்ட்டு அளந்து ஊத்தணும்டா. துளி கூடினா செத்துரும். செத்ததும் தெரியாது, மங்கலாச் சிவந்துக்கிட்டே கிடக்கும். தீக்குச்சிதான் பத்தாது. அதுக்குத்தான் எல்எம் 317னு மூணு காலு ஐசி இருக்கு. பக்கத்துல வைக்கிற ரெசிஸ்டர்தான் எம்புட்டுக் கரன்ட்டுன்னு முடிவு பண்ணும். ஒத்த லித்தியம் செல்லுக்கு அது மசியாது, ரெண்டை வரிசையாப் போடணும். கெப்பாசிட்டர்ல தேங்கினதை வடிக்காம டயோடைச் சேர்த்தாலும் சங்குதான். நீ போட்டுத் திரியிற பாலியஸ்டர் சட்டையில ஏறுற மின்சாரமே அதைக் கொன்னுரும். வேலை முடியிற வரைக்கும் என் கதர் வேட்டியக் கட்டிக்க, அழகாயிருப்ப.

இதெல்லாம் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. நீ பிரிண்ட் எடுத்துட்டு வந்து வடை வச்சுத் தின்ன காகிதத்தை எடுத்து எண்ணெயத் துடைச்சுப் படிச்சேன். நீயும் படிச்சிருக்கலாம், வடை ருசியா இருந்திருக்கு.

அதுலயே இன்னொண்ணும் போட்டிருக்கு, அங்கிட்டு எண்ணெய்கூடப் படல. 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட லேசர்னா கண்ணு கூசி இமை தானா மூடும், தப்பிச்சுக்கலாம். அதுக்குக் கால் செகண்டு ஆகும். ரைட்டர்ல இருக்கிற டயோடு 200 மில்லிவாட்டு வரைக்கும் போகும். இமை மூடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிரும். உள்ள வந்த ஒளிய உன் கண்ணு லென்சே விழித்திரையில ஒரு புள்ளியாக் குவிச்சுக் குடுக்கும், ஒரு லட்சம் மடங்கு. விழித்திரைக்கு வலி தெரியாது, கத்தக்கூட மாட்ட. உங்காத்தா அடுக்கி வச்சிருக்கிற எவர்சில்வர் குடத்துல பட்டுத் தெறிச்சாலும் பலன் அதேதான். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்துல 1900த்த ஒட்டி ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் சூரியனைப் பாக்குறதுதான் பொழப்பு. அவங்களே படமா எடுத்தும் தாள்ல விழ வச்சும்தான் பாக்குறாங்க. நீ அவங்களைவிடப் பெரிய ஆளு, சும்மா பாப்ப.

கூலிங் கிளாஸ் போட்டுக்கிறேன்னு சொல்லாத. அது கல்யாண போட்டோவுக்கு. உன் டயோடு 650 நானோமீட்டர். அந்த அளவுக்குன்னே செஞ்ச காப்புக் கண்ணாடி வேணும். பச்சை லேசருக்கு வாங்கினது சிவப்புக்கு உதவாது. டயோடைவிடக் கண்ணாடி விலை கூடங்கிறியா? கூடத்தான் இருக்கும். உன் கண்ணுக்கு அம்புட்டு மதிப்பிருக்குன்னு கடைக்காரனாவது நம்புறானே.

மெட்ராஸ்ல படிச்ச ரங்கசாமி சீனிவாசன்னு ஒருத்தரு, அமெரிக்காவுல ஐபிஎம்ல வேலை பாத்தாரு. 1981ல பண்டிகை விருந்துல மிஞ்சின வான்கோழியக் கொண்டாந்து புற ஊதா லேசர்ல வெட்டிப் பாத்தாரு. சுத்தி ஒரு இணுக்குக் கருகல, துல்லியமா வெட்டுச்சு. கருவிழியச் செதுக்கி மூக்குக்கண்ணாடியக் கழட்ட வைக்கிற லேசிக் சிகிச்சை அங்கிட்டிருந்துதான் வந்துச்சு. அவரு தின்னு மிஞ்சினதுல சோதிச்சாரு. நீ தின்னு முடிச்சுட்டு உன் கண்ணுல சோதிக்கப் பாக்குற.

சரி, செய்யாதன்னு நான் சொல்லல. சொன்னா கொல்லைப்பக்கம் உக்காந்து செய்வ. உன் லேசரு 3பி வகையில வரும், 5 மில்லிவாட்டுல இருந்து 500 வரைக்கும் அதான் வகை. அந்த வகைக்கு உலகமெங்கும் ஒரு விதி வச்சிருக்கான் பாரு, படிச்சதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு: சாவி போட்டாத்தான் எரியணும், சாவிய உருவினா ஒளி வரக்கூடாது. அடேய், பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு வாங்கின ஊர்ல பொறந்துட்டு, லேசருக்குப் பூட்டு வைக்க மறந்துட்டியேடா! மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்ட கை இது. லேசரை வைக்கிற கூட்டைக் கொண்டா, சாவி சுவிட்ச நானே பொருத்தித் தாரேன். அலுமினியத்துலயே கூடு செய்யி, டயோடு சூட்டை அது இழுத்துக்கும். பிளாஸ்டிக் குழாயில சொருகினா ரெண்டும் சேர்ந்து வேகும்.

கூலி வேண்டாம். சாவி மட்டும் என் அரைஞாண்ல கிடக்கும். காப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்து கேட்டா தருவேன். சீரகச் சம்பா பிரியாணிப் பொட்டலத்தோட வந்து கேட்டா கொஞ்சம் வெரசாத் தருவேன். எலும்பை மட்டும் தூக்கிப் போட்டுராத, உன் மொத சோதனைக்கு ஆகும்.