ஊதற்பொருள்: பழைய அவுட்போர்டு எஞ்சினின் கார்பரேட்டரைப் பிரித்துப் பூட்டுவது குறித்த ஓர் ஆய்வு

கடற்கரையில் ஒருவர் கார்பரேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தால், அவரைச் சுற்றி நான்கு பேர் நிற்பது இயற்கை விதி. அந்த நான்கு பேரும் எப்போதாவது ஒரு நேரத்தில் ஆளுக்கொரு பித்தளைத் துண்டை எடுத்து வாயில் வைத்து ஊதிவிட்டுத்தான் போவார்கள். இந்த ஊதலைப் பற்றி அறிஞர்கள் இதுவரை வாய் திறக்கவில்லை. குழல் ஊதியவனுக்குக் கோயில் கட்டிய நாம், ஜெட் ஊதியவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டோம். அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வெல்லை சிறியது. இரண்டு ஸ்ட்ரோக், ஒற்றைக் கார்பரேட்டர், வீட்டு மூத்த பிள்ளையைவிட வயது கூடிய எஞ்சின். கணினி வைத்து எரிபொருளைத் தெளிக்கும் புதிய எஞ்சின்களில் ஊத ஒன்றுமில்லையாதலால் அவை ஆய்வுக்குப் புறம்பானவை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழாய் குறுகும் இடத்தில் பாய்பொருளின் வேகம் கூடும், அழுத்தம் குறையும் என்பதை இத்தாலியரான வெந்தூரி 1797-இல் எழுதி வைத்தார். அமெரிக்காவின் மில்வாக்கியில் வாழ்ந்த ஓலே எவின்ரூட், தாம் மணக்கவிருந்த பெண்ணுக்காக ஏரியைக் கடந்து ஐஸ்கிரீம் வாங்கித் துடுப்புப் போட்டுத் திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஆற்றாமையில் 1909-இல் படகின் பின்புறம் மாட்டும் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார் என்று கதை சொல்வார்கள். அவருக்கு முன்பே சிலர் இப்படிப்பட்ட எஞ்சின் செய்திருந்தார்கள்; ஆனால் அவர்கள் கதையில் ஐஸ்கிரீம் இல்லை.

இனிக் கருவி. கார்பரேட்டரின் நடுவே குறுகலான கழுத்து. எஞ்சின் காற்றை இழுக்கும்போது அந்தக் கழுத்தில் அழுத்தம் குறைகிறது. கீழே கோப்பையில் நிற்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறையாமல் இருக்கிறது. அது பெட்ரோலை ஜெட் என்னும் பித்தளைத் துண்டின் துளை வழியே மேலே தள்ளிவிடுகிறது. கோப்பையில் எவ்வளவு பெட்ரோல் நிற்கலாம் என்பதை ஒரு மிதவையும் அது தூக்கும் ஊசியும் கவனித்துக்கொள்கின்றன. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்பது ஏட்டுக் கணக்கு. இத்தனை பெரிய கணக்கும் ஒரு மயிரிழைத் துளையை நம்பி நிற்கிறது.

துளை அடைபடுவது ஏன்? ஓட்டாமல் மாதக்கணக்கில் போட்டுவைத்த பெட்ரோலில் இலேசான பகுதி ஆவியாகிவிட, மிச்சம் பழுப்புப் பிசினாகிறது. உப்புக்காற்று பட்ட அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்கிறது. இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால், ஈரத்தைத் தேடிப் பிடித்து உள்ளே இழுத்துவருகிறது. மிகப் பழைய எஞ்சின்களில் மிதவை தக்கையால் ஆனது. அதன்மேல் அரக்குப் பூச்சு. அரக்கு சாராயத்தில் கரையும் என்பது பிரெஞ்சு பாலிஷ் போடும் எந்தத் தச்சருக்கும் தெரியும். எத்தனாலும் சாராயம்தானே. பூச்சு கரைந்து, தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து, மிதக்க வேண்டியது முழுகிவிடுகிறது. ஊசி மூடாமல் பெட்ரோல் வழிகிறது. மிதவையே குடித்துவிட்டுக் கிடந்தால் யாரைக் குறை சொல்வது?

நோய் நாடும் முறையில் கரையோரத்தில் கருத்து வேறுபாடில்லை. சோக்கை இழுத்தால் ஓடி, விட்டால் செத்துப்போகும் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. நின்ற இடத்தில் நன்றாக முனகிவிட்டு வேகமெடுக்கும்போது திணறினால் பெரிய ஜெட். வேகத்தில் பறந்துவிட்டு மெதுவாக்கும்போது அணைந்தால் சின்ன ஜெட். சண்டை வருவது மருத்துவத்தில்தான்.

முதலாவது கட்சி குத்துவாதிகள். கண்ணுக்குத் தெரியும் அடைப்பைக் கம்பியால் குத்தி எடுப்பதே முறை என்பர். அது பொருந்தாது. என்னை? பித்தளை மெத்தென்றது, எஃகுக் கம்பி துளையை அகலமாக்கிவிடும், அதன்பின் எஞ்சின் ஆயுள் முழுக்கப் புகைதான். இக்கட்சியில் ஒரு நல்ல கிளை உண்டு. அவர்கள் வலையிலிருந்து ஒரு முழம் தங்கூசி நரம்பை அறுத்து, அதனால் மெல்லத் துழாவுவார்கள். துளையும் கெடாது, கைக்காசும் செலவாகாது. இவர்களை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

இரண்டாவது கட்சி மாற்றுவாதிகள். பிரிப்பானேன், புதிது வாங்கிப் போடு என்பர். பாகமே வராத எஞ்சினுக்கு இவர்கள் சொல்வது ஆறுதல் வார்த்தை, அவ்வளவே.

மூன்றாவது கட்சி ஊதுவாதிகள். உறிஞ்சலால் வேலை செய்யும் கருவிக்கு ஊதல் எங்ஙனம் மருந்தாகும் எனின், உறிஞ்சலோடு வந்து சிக்கிய அழுக்கை வந்த வழியே திருப்பி அனுப்புதலால் என்க. கம்ப்ரஸர் காற்று இதனினும் சிறந்ததன்றோ எனின், சிறந்ததே. ஆயினும் வாய் மட்டுமே அளந்து சொல்லும். துளையில் காற்று தாராளமாகப் போகிறதா, முக்கிப் போகிறதா என்று கன்னம் அறியும், கம்ப்ரஸருக்குக் கன்னமில்லை.

இதற்கு மறுக்கவியலாச் சான்று ஊசிச் சோதனை. பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று மணலில் விரிக்கப்பட்டிருக்கிறது. ஏதோ ஒரு தலைவரின் கும்பிட்ட கைகளுக்கு மேல் ஜெட், மூக்கின் மேல் ஸ்பிரிங், புன்னகையின் மேல் கேஸ்கெட். மேஸ்திரி கோப்பையைக் கழற்றிய கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடிக்கிறார். மிதவை தன் எடையால் ஊசியை அழுத்தி மூடுகிறது. பெட்ரோல் வரும் குழாயில் வாய் வைத்து ஊதுகிறார். காற்று போகவில்லை. நேராகத் திருப்பி ஊதுகிறார். புஸ்ஸென்று போகிறது. மூட வேண்டியபோது மூடி, திறக்க வேண்டியபோது திறந்துவிட்டது. “நீங்களும் ஒருக்கா ஊதிப் பாருங்கண்ணே” என்று எஞ்சின்காரரிடம் நீட்டுகிறார். அறிவியலில் சோதனையை இன்னொருவர் செய்தாலும் அதே முடிவு வரவேண்டும் என்பார்களே, அது இங்கே இயல்பாக நடக்கிறது. பெட்ரோல் நச்சு, நன்றாகத் துடைத்துவிட்டு ஊத வேண்டும், உறிஞ்சவே கூடாது என்பதை இங்கே வேடிக்கையில்லாமல் சொல்லிவைக்கிறோம்.

பூட்டுவது பற்றி எழுத அதிகமில்லை. கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும்; பழையதைப் பசை தடவி ஒட்டுபவர் ஒரு வாரத்தில் மறுபடி பிரிப்பார். தலைகீழாகப் பிடித்தால் மிதவை, கோப்பை உட்காரும் விளிம்புக்கு இணையாக நிற்கட்டும். சின்ன வேகத்துத் திருகை மெல்ல அடிவரை இறுக்கி, ஒன்றரைச் சுற்று தளர்த்தி வைத்துத் தொடங்கலாம். மிச்சத்தைக் காது சொல்லும். இறுக்கும்போது பலம் காட்டினால் ஊசிமுனை நசுங்கும். பிறகு தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் எஞ்சினை இறக்கி ஓட்ட வேண்டும். வெறுந்தரையில் ஓட்டினால் தண்ணீர் பம்பின் ரப்பர் தீய்ந்துபோகும். கார்பரேட்டரைப் பிழைக்க வைத்து பம்பைக் கொன்றவர் என்று ஊர் பேசும்.

முடிவாக, இவ்வாய்வே தேவைப்படாமல் போக வழி உண்டு. நீண்ட நாள் போட்டுவைக்கப் போகிறீர்களா, டிரம்மில் ஓடும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கள். கோப்பையில் தங்கியதை வடிகால் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள், கரை நெருங்கும்போதே பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கோப்பையில் மண்ணெண்ணெய் நின்றால் மறுநாள் கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் கழலும்.