டோஸ்ட் தண்ணீரும் நோயாளியின் மீட்சியும்: ஓர் ஆய்வு

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் படுத்த நோயாளிகள் எழுந்தது எப்படி? மருந்தால் அல்ல, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குப் பயந்துதான் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

முதல் சான்று டோஸ்ட் தண்ணீர். இசபெல்லா பீட்டன் 1861இல் நூலாக வெளியிட்ட இல்லற நிர்வாகக் கையேட்டில் செய்முறை இருக்கிறது. ரொட்டித் துண்டு ஒன்றை எல்லாப் பக்கமும் சிவக்க வாட்ட வேண்டும், கருகவிடக் கூடாது. ஜாடியில் போட்டு, ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொதிநீர் ஊற்றி, இறுக மூடி, நன்றாக ஆறியபின் வடிகட்டினால் பானம் தயார். வெதுவெதுப்பாகக் குடித்தால் சகிக்காது என்று அம்மையாரே எச்சரிக்கிறார். ஆறிய பிறகு சகிக்கும் என்பது அவருடைய துணிபு.

ரொட்டியைக் குடிக்க மறுத்தவர்களுக்கு டோஸ்ட் சாண்ட்விச். வெண்ணெய் தடவிய இரண்டு மெல்லிய ரொட்டிகளுக்கு நடுவே ஆறிப்போன டோஸ்ட் ஒன்று, மேலே உப்பும் மிளகும். அதாவது, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ரொட்டி. 2011இல் பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் இதை மலிவான மதிய உணவாக மீண்டும் அறிமுகப்படுத்தியது; அடக்கவிலை ஏழரை பென்ஸ். அதிகம்தான்.

மாட்டிறைச்சியை வேகவைத்து இறுத்த ‘பீஃப் டீ’ அக்கால நோயாளிகளின் அமுதம். லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளரின் பெயரில் 1865இல் கம்பெனியே தொடங்கி, உருகுவேயில் முப்பது கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சியை ஒரு கிலோ சாறாக வற்றவைத்தார்கள். ஆனால் அரை பைன்ட் பீஃப் டீயில் தேறும் சத்து ஒரு டீஸ்பூன் இருந்தாலே பெரிது என்று கணக்குச் சொல்லிவிட்டார் செவிலியர் பணியின் முன்னோடி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்.

அவரே நம் கருதுகோளுக்கும் எதிரி. நோயாளி தொடாத தட்டை, பிறகு சாப்பிடுவார் என்று கட்டிலருகே விட்டுவைக்காதீர்கள், பார்க்கப் பார்க்க உணவே வெறுத்துவிடும் என்கிறார். நாம் மருந்தென்று கருதுவது அந்த வெறுப்பைத்தான். அதைப் போய் அப்புறப்படுத்தச் சொன்னால்?

ஒரு முரண் மட்டும் உறுத்துகிறது. அதே பீட்டன் கையேட்டில் முட்டை ஒயினும் இருக்கிறது: முட்டை, ஒரு கிளாஸ் ஷெரி, சர்க்கரை, துருவிய ஜாதிக்காய். இது கிடைத்த நோயாளி கட்டிலை விட்டு ஏன் எழுந்திருக்க வேண்டும் என்பதற்குத் தரவுகளில் விடை இல்லை. செய்முறைச் சோதனை அவசியமாகிறது. முட்டை கைவசம் உள்ளது, ஷெரிக்கு மட்டும் நிதி கோரப்படுகிறது.