அரைமாத்திரை சார்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு கிழநாயும், அதைப் பார்த்துக்கொள்ளவே ரிட்டையர் ஆன ஒரு மனிதரும் இருப்பார்கள். எங்கள் பிளாக்கில் அவருக்குப் பெயர் அரைமாத்திரை சார். பெற்றோர் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் வருகிறது. நாயின் பெயர் டைகர். பன்னிரண்டு வயது லாப்ரடார். நாலு தடவை வாலாட்டினால் உட்கார்ந்து இளைப்பாறும்.

சாரைக் கஞ்சன் என்று சொன்னால் பாவம். கஞ்சன் செலவே செய்யமாட்டான். இவர் செலவைக் குறைப்பதற்காக ஏகமாகச் செலவழிப்பவர். நாய்த்தீனி கிலோவுக்கு இருபது ரூபாய் மலிவு என்று கேள்விப்பட்டு, அம்பத்தூர்வரை ஆட்டோவில் போய் வந்தவர்.

டைகருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்று டாக்டர் ரீனல் டயட் எழுதிக் கொடுத்தார். விலையைக் கேட்ட சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பையின் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். “மொதல்லயே அரிசின்னு போட்டிருக்கான், பாருங்கோ! ரேஷன்ல சும்மா குடுக்கற அரிசி. இவன் பையில போட்டு ஆயிரக்கணக்குல விக்கறான்!”

அன்று மாலையே ரேஷன் அரிசியும் கோழி ஈரலும் சேர்ந்து ரீனல் டயட் ஆயின. வீடு சைவம். மாமி அடுக்களைக்குள் விடமாட்டேன் என்றதால், பால்கனிக்கென்று தனியாக ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினார். அந்தச் செலவு கணக்கில் வராது, அது ‘முதலீடு’.

பையின் விலை அரிசிக்கு அல்ல, பாஸ்பரஸைக் குறைத்து அளந்து தருவதற்கு. ஈரலிலோ பாஸ்பரஸ் ஏராளம் என்று டாக்டர் விளக்கினார். “அப்போ வேகவெச்சு தண்ணியை வடிச்சுட்டா?” என்றார் சார். சங்கடம் என்னவென்றால், வடித்தால் பாஸ்பரஸ் ஓரளவு குறையத்தான் செய்யும். சார் எப்போதுமே பாதி சரி. முழுக்கத் தப்பானவரைத் திருத்திவிடலாம். பாதி சரியானவரை என்ன செய்வது?

பட்டப்பெயர் வந்தது மூட்டுவலியால். நாய்க்கான குளூகோசமைன் டப்பாவில் நாய்ப் படம். மனிதருக்கானதில் முழங்கால் படம். “நாய்ப் படத்துக்குத்தான் கூடுதல் காசு” என்று முழங்கால் படத்தையே வாங்கினார். அதிலும் பாதி டைகருக்கு, பாதி தனக்கு. காலையில் லிஃப்ட் திறந்தால் இருவரும் ஒரே தாளத்தில் நொண்டிக்கொண்டு வருவார்கள். “மாத்திரை யாருக்குக் கேட்டது?” என்று மாமியிடம் விசாரித்தேன். “மெடிக்கல் ஷாப்காரனுக்கு” என்றார். மாமி சொன்னதில் விஷயம் இருக்கிறது. குளூகோசமைன் நாயின் மூட்டுவலியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. மீன் எண்ணெய்க்கு அதைவிட நல்ல பேர் உண்டு. ஆனால் அந்த வாடைக்குப் பால்கனியும் கிடையாது என்பது மாமியின் தீர்ப்பு.

இதுவரை சிரிக்கலாம். மூன்றாவது மாடி அம்மாவின் கிழப்பூனை சுருண்டு படுத்தபோது, “கால் மாத்திரை பாரசிட்டமால் போதுமே, ரெண்டு ரூபா ஆகாது” என்று யோசனை சொன்னார். அங்கேதான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூனையின் உடம்பு பாரசிட்டமாலைச் சமாளிக்காது. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். நாய்க்கு இபுப்ரோஃபென் கொடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகக் கேடு. சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டாலும் நாய்க்கு விஷம். நல்லவேளை, அந்த அம்மா மாத்திரையைத் தேடாமல் வேப்பேரிக்கு ஆட்டோ பிடித்தார். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. தனியாரைவிடச் செலவு குறைவு. சார் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. வரிசையில் நின்றால் நேரம் வீணாம். (அவருடைய நேரத்துக்கு யார், என்ன விலை கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.)

கடைசியில் டாக்டரே காசில்லாத மருந்து ஒன்றைச் சொன்னார். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி சேர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் ஆயுள் முழுக்கத் தீனியைக் கால்வாசி குறைத்துப் பார்த்தார்கள். 2002-இல் முடிவு வெளிவந்தது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 1.8 ஆண்டு கூடுதலாக உயிரோடு இருந்தன. மூட்டுத் தேய்மானத் தொல்லையும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது.

“கால்வாசி மிச்சம், ரெண்டு வருஷம் போனஸ்!” சார் பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். கரண்ட் பில்லின் முதுகில் வருடாந்தர மிச்சம் கணக்கானது. மாமி டம்ளரால் அளந்து வைத்தார். ராத்திரி டைகர் சாரின் முழங்காலில் தாடையை வைத்து ஒரு பார்வை பார்த்தது. தட்டிலிருந்த ரெண்டாவது தோசை கீழே இறங்கியது. மாமி முறைத்ததற்கு, “அது டைகர் கணக்குல வராது, என் கணக்கு” என்றார். வாட்ச்மேன் தரும் பன் வாட்ச்மேன் கணக்கு. மாமி ரகசியமாகப் போடும் மாரி பிஸ்கட் எந்தக் கணக்கிலும் இல்லை. டைகரின் எடை 41 கிலோ.

உங்கள் வீட்டில் கிழநாய் இருந்தால், டப்பா எதையும் வாங்குமுன் நாயைத் தராசில் ஏற்றுங்கள். ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிடுங்கள். உங்கள் பிளாக்கின் அரைமாத்திரை சார் யோசனையோடு வந்தால், நல்ல காப்பியாகக் கொடுத்து, பேச்சை கிரிக்கெட் பக்கம் திருப்பிவிடுங்கள்.