தாய்மாமன் சீர், பத்து லிட்டர்

சிங்கப்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நீ கேட்ட கேள்விக்குக் கடிதத்தில் பதில் எழுதுகிறேன். போன் என்றால் அத்தான் ஸ்பீக்கரைப் போடச் சொல்வார். "இத்தனூண்டு பொட்டிக்கா லட்ச ரூபா?" என்று நீ கேட்டதே போதும், அவரும் சேர்ந்து கேட்டால் தாங்காது.

மருமகன் உன்னிடம், விடுதியில் படிக்கக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றான். என்னிடம் தனியாகக் கூப்பிட்டு, கேம் விளையாடக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றான். இரண்டும் ஒரே பொட்டிதான், கவலைப்படாதே. தாய்மாமன் சீர் என்றால் நம் காலத்தில் மோதிரமும் வேட்டி சட்டையும். இவன் மோதிரம் வேண்டாம், கிராபிக்ஸ் கார்டு போதும் என்கிறான். இன்றைக்குத் தங்கம் விற்கிற விலையில் மாமனுக்கு இது லாபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கையில் 1,500 சிங்கப்பூர் வெள்ளி. அதற்குள் முடிக்க வேண்டும். பொட்டி சின்னதாக இருக்க வேண்டும். அவனுக்கு விடுதி மேசையில் இடமில்லை. எனக்குத் திருச்சி விமானத்தில் கைப்பை 7 கிலோதான். பெட்டியில் போட்டால் கோடாலித் தைலத்தை எங்கே வைப்பது? அது இல்லாமல் ஊருக்குள் நுழைந்தால் நம் தெருவில் யாரும் என்னைச் சிங்கப்பூரிலிருந்து வந்தவன் என்று ஒத்துக்கொள்வதில்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இல்லாததா என்று அத்தான் கேட்பார். இருக்கிறது. ஆனால் இந்தச் சின்ன அளவுக்கான மதர்போர்டும் பொட்டியும் அங்கே சில வகைதான் கிடைக்கும். அதோடு, சிங்கப்பூர் மாமன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிக் கொடுத்தான் என்று உன் மகன் விடுதியில் போய்ச் சொல்வானா?

தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நடந்தே போகிற தூரத்தில் சிம் லிம் ஸ்கொயர் என்று ஒரு கட்டடம். 1987-ல் திறந்தது, ஆறு மாடி, ஒரு காலத்தில் முழுக்க எலக்ட்ரானிக்ஸ். பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. 2014-ல் ஒரு போன் கடைக்காரர், பணத்தைத் திருப்பிக் கேட்ட பெண்ணுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் சில்லறைக் காசாகவே மூட்டை கட்டிக் கொடுத்து உலகப் புகழ் பெற்றார். இப்போது பாதிக் கடைகளைக் காணோம். கம்ப்யூட்டர் உதிரிக் கடைகள் மட்டும் மேல் மாடிகளில் இன்னும் தாக்குப்பிடிக்கின்றன. ஒவ்வொரு கடை வாசலிலும் பொடி எழுத்தில் விலைப்பட்டியல் அச்சடித்து வைத்திருப்பார்கள். மூன்று கடைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் போதும், நான்காவது கடைக்காரர் மரியாதையாகப் பேசுவார்.

பொட்டியின் அளவை இங்கே லிட்டரில் சொல்கிறார்கள், அக்கா. செக்கில் நல்லெண்ணெய் வாங்கப் போன மாதிரி "எத்தனை லிட்டர்?" என்கிறார் ஒரு கடையின் சீனப் பெரியவர். சாதாரணப் பொட்டி நாற்பது லிட்டருக்கு மேல் வரும். எனக்குப் பத்து போதும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சின்னது, விலை அதிகம் லா" என்றார். உன் கேள்விக்கு அவர் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்.

ஏன் என்று கேட்பாய். பெரிய போர்டு 30.5 சென்டிமீட்டருக்கு 24.4. நான் வாங்கியது 17-க்கு 17, மினி ஐடிஎக்ஸ் என்று பெயர். 2001-ல் தைவானின் வயா கம்பெனி கொண்டுவந்த அளவு. இதில் கார்டு செருக ஒரே இடம், ராமுக்கு இரண்டே இடம். பெரிய போர்டில் எல்லாம் கூடுதல், விலை குறைவு. எல்லாவற்றையும் நெருக்கி அடுக்குகிற வேலைக்குக் கூலி, வாங்குகிறவர்கள் குறைவு என்பதற்கு ஒரு கூலி. இரண்டுக்கும் நடுவில் 24.4 சதுரத்தில் ஒரு போர்டு உண்டு. காசை மட்டும் பார்த்தால் அதுதான் புத்திசாலித்தனம், பெரியவரும் அதைத்தான் எடுக்கச் சொன்னார். ஆனால் அதற்கான பொட்டி கைப்பைக்குள் நுழையாது. விமானக் கம்பெனிக்காரன்தான் உன் மகனுக்குப் போர்டு தேர்ந்தெடுத்தான் என்று வைத்துக்கொள்.

பிராசசர் ரைசன் 5 7600. இதைவிட மலிவாக 7500எஃப் என்று ஒன்று இருக்கிறது. அதில் படம் காட்டும் வசதி உள்ளே கிடையாது. நாளைக்குக் கிராபிக்ஸ் கார்டு படுத்துவிட்டால் திரையே வராது, பாடமும் படிக்க முடியாது. 7600 என்றால் கேம் போனாலும் படிப்பு நிற்காது. (அந்த நிலைமை வந்தால் உனக்கு மகிழ்ச்சிதான், எனக்குத் தெரியும்.) பிராசசரோடு ஒரு கூலரும் வருகிறது. உயரம் 54 மில்லிமீட்டர், இந்தப் பொட்டிக்குள் சரியாக உட்கார்ந்துவிட்டது. தனிக் கூலர் காசு மிச்சம்.

கிராபிக்ஸ் கார்டுதான் சீரில் பெரிய பங்கு. ஆர்டிஎக்ஸ் 5060, 2025 மே மாதம் வந்தது, 8 ஜிபி. மருமகன் 5070 கேட்டான். அது 250 வாட் இழுக்கும், இது 145. நம்மூர்ப் பட்டுக்கோட்டையில் சித்திரை மாதம் மின்விசிறிக் காற்றே சுடுகிறது. பத்து லிட்டருக்குள் 250 வாட் எரிந்தால் விடுதி அறையில் யாரும் தூங்க முடியாது. காசைவிட இதுதான் காரணம் என்று அவனிடம் சொன்னேன். காசும் காரணம்தான்.

ராம் விலையைப் பற்றி எழுதவே கை வரவில்லை. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் உலகத்து மெமரியையெல்லாம் தங்கள் தரவுக் கூடங்களுக்கு அள்ளிக்கொண்டார்கள். மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பரில், சில்லறைக் கடைகளுக்குப் போகிற தன் க்ருஷியல் சரக்கையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. உன் மகன் சாட்பாட்டிடம் வீட்டுப்பாடம் கேட்கிறானே, அந்தச் செலவில் ஒரு பங்கு மாமன் தலையில் விழுந்திருக்கிறது. 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்கினேன். இரண்டாகப் போட்டால் வேகம் கொஞ்சம் கூடும். ஆனால் ஓர் இடம் காலியாக இருந்தால் விலை இறங்கும்போது இன்னொன்று செருகலாம். அது அத்தானின் பங்கு.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை: பவர் சப்ளை. எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவு, பெரியதைவிட விலை கூடுதல். நம்மூர்க் கரண்டை நினைத்துத்தான் நல்லதாக வாங்கினேன். மட்டமான சப்ளை சாகும்போது தனியாகச் சாவதில்லை, பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். கலர் விளக்கும் கண்ணாடிக் கதவும் கேட்டுக் கெஞ்சினான். கண்ணாடிக்குப் பதில் காற்று போகிற சல்லடைத் தகடு. விளக்கு வேண்டுமென்றால் தீபாவளி சீரியல் லைட்டைச் சுற்றிக்கொள்ளட்டும்.

எல்லாம் சேர்ந்து 1,500-ஐ மெல்லத் தாண்டியது. அதில் 9 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம். சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்கு விமான நிலையத்தில் அதைத் திருப்பித் தருவார்கள். இங்கே வேலை பார்த்து வரி கட்டுகிறவனுக்குக் கிடையாது. நம்மூர் கஸ்டம்ஸிலும் அதே யோகம்தான். லேப்டாப் ஒன்றுக்கு வரி விலக்கு உண்டு, இது லேப்டாப் இல்லையாம். பில்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன், கேட்டால் காட்டிவிடலாம்.

இனி நீ செய்ய வேண்டியது. கார்டைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாகக் கொண்டுவருவேன், நான் வந்துதான் மாட்ட வேண்டும், யாரையும் கூப்பிடாதே. இங்கே பிளக் சதுரக் கால், வோல்டேஜ் நம்மூர் மாதிரி 230தான். அதனால் நம்மூர் மூணு பின் பவர் கார்டு ஒன்று மட்டும் வாங்கி வை. யுபிஎஸ் அத்தான் வாங்கட்டும். பொட்டியைக் கண்ணாடி ஷோகேஸுக்குள் வைக்காதே, எம்பிராய்டரி துணி போட்டு மூடாதே, அதற்கு மூச்சு முட்டும். விலையைக் கேட்கிற சொந்தக்காரர்களிடம் பாதி சொல். அத்தானிடம் கால்வாசி சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி